ராட்சசன்: கொலையாளி, காவலர், ஒரு கணக்கு வாத்தியார்

ராம்குமார் எழுதி இயக்கிய ‘ராட்சசன்’ 2018 அக்டோபர் 5 அன்று வெளியானது. ஆக்சஸ் ஃபிலிம் ஃபேக்டரி தயாரித்த இப்படத்தில் விஷ்ணு விஷால் காவல் உதவி ஆய்வாளராகவும் அமலா பால் பள்ளி ஆசிரியையாகவும் நடித்தனர். இசை ஜிப்ரான், ஒளிப்பதிவு பி. வி. சங்கர், படத்தொகுப்பு சான் லோகேஷ். இதற்கு முன் ராம்குமார் எடுத்தது ‘முண்டாசுப்பட்டி’ (2014) என்ற நகைச்சுவைப் படம். புகைப்படம் எடுத்துக்கொண்டால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஒரு கிராமத்தைப் பற்றியது அது. அதே இயக்குநரும் அதே நாயகனும் நான்கு ஆண்டுகள் கழித்து இப்படியொரு படத்தோடு வருவார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. படம் 2019இல் தெலுங்கில் ‘ராக்ஷசுடு’ என்றும் 2022இல் இந்தியில் ‘கட்புட்லி’ என்றும் மறுவாக்கம் செய்யப்பட்டது. இன்றைய கல்லூரி மாணவர்களிடம் தொடர்கொலையாளிப் படம் ஒன்றின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது இதுதான்.

இக்கட்டுரை படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசுகிறது. படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

‘ராட்சசன்’ படத்துக்குள் இரண்டு பயங்கரங்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொன்று முகத்தைச் சிதைக்கும் கொலையாளி. மற்றொன்று, மதிப்பெண்ணைக் காட்டி மாணவிகளைப் பணியவைக்கும் இன்பராஜ் என்ற கணக்கு ஆசிரியர். தலைப்பும் இசையும் உச்சக்காட்சியும் முதலாமவனுக்குப் போகின்றன. ஆனால் பார்த்தவர்களின் வயிற்றைப் பிசைந்தது இரண்டாமவன் வரும் காட்சிகள்தான். படம் தன் கைக்கு வந்த உண்மையான ராட்சசனைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டு, கட்டுக்கதை ராட்சசன் ஒருவனைத் தேடிப் போய்விட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதை

அருண் உதவி இயக்குநர். தொடர்கொலையாளி ஒருவனைப் பற்றிய திரைக்கதையை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர்களின் வாசலில் ஏறி இறங்குகிறான். அந்தக் கதைக்காக உலகெங்கும் நடந்த கொலைகளைப் பற்றிய செய்தித் துணுக்குகளைச் சேர்த்து அறைச்சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறான். எதுவும் பலிக்கவில்லை. குடும்ப நெருக்கடியில், காவல்துறையில் இருக்கும் அக்கா கணவர் தாஸின் உதவியோடு உதவி ஆய்வாளராகச் சேர்கிறான். அப்போது நகரில் ஒரு பள்ளி மாணவி கடத்தப்பட்டுக் கொலையாகிறாள். பிறகு இன்னொருத்தி. கடத்தல் நடந்த இடத்தில் ஒரு பரிசுப் பெட்டி கிடக்கிறது. அதற்குள் முகம் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை. இது ஒரே ஆளின் வேலை என்று அருணுக்குப் புரிகிறது. மேலதிகாரியான லட்சுமி அதை ஏற்பதில்லை. சினிமாக் கதை சொல்கிறான் என்று ஏளனம் செய்கிறார். கொலைகள் தொடர்கின்றன. ஒரு கட்டத்தில் அந்தப் பரிசுப்பெட்டி அருணின் குடும்பத்திற்கே வந்துவிடுகிறது. அக்கா மகள் அம்மு கொல்லப்படுகிறாள்.

கொலையாளி, பள்ளிகளில் மாயவித்தை காட்டும் ஒரு வயதான பெண்மணியின் வேடத்தில் இருப்பவன். பெயர் கிறிஸ்டோபர். இளவயதிலேயே முதுமைத் தோற்றம் தரும் அரிய நோயோடு வளர்ந்தவன். பள்ளியில் கேலிக்கு ஆளானவன். விரும்பிய பெண்ணால் அவமானப்படுத்தப்பட்டவன். இதுதான் படம் அவனுக்குத் தரும் முன்கதை.

பொம்மையின் முகம்

முதலில் படத்தின் திறமையை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலை நடக்கும் கணத்தைப் படம் பெரும்பாலும் நம் கண்ணில் காட்டுவதில்லை. காட்டுவது பொம்மையை. பொம்மையின் கண் தோண்டப்பட்டிருக்கிறது என்றால் அடுத்துக் கிடைக்கப்போகும் உடல் எப்படி இருக்கும் என்று நாமே கற்பனை செய்துகொள்கிறோம். குழந்தைகள் விளையாடும் ஒரு பொருளை முன்னறிவிப்பாக மாற்றியது நல்ல யோசனை. படம் பார்த்த பிறகு கொஞ்ச நாளைக்குப் பரிசுத்தாள் சுற்றிய பெட்டியைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருந்தது என்று பலர் சொல்வதுண்டு.

ஒலியும் அப்படித்தான். ஜிப்ரானின் இசை பல இடங்களில் தேவைக்கு அதிகமாகவே முழங்குகிறது. ஆனால் கொலையாளியோடு ஒட்டிவரும் அந்தச் சின்ன மெட்டு, தாலாட்டுக்கும் பொம்மைப் பெட்டி இசைக்கும் நடுவில் எங்கோ நின்று காதைவிட்டுப் போக மறுக்கிறது. நகைச்சுவைக்குப் பெயர் பெற்ற முனிஷ்காந்த் ராமதாஸ், மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்திருக்கும் இடம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. மற்ற எல்லாரும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும் ஒரு படத்தில் அவர் ஒருவர்தான் துக்கப்படுகிறார்.

மூன்று மணி நேரத்தைத் தொட்டுவிடும் நீளம் கடைசி முக்கால் மணியில் உறுத்துகிறது. ஆள் யார் என்று தெரிந்த பிறகும் அடிதடி, தப்பித்தல், மறுபடி அடிதடி என்று போகிறது. அதுவரை மூளையால் துரத்திய படம் அங்கே கைகாலால் துரத்துகிறது.

ஊட்டியில் ஒரு தனி வீடு

தமிழில் இந்த வகைப் படங்களுக்கு நாற்பது ஆண்டு மரபு உண்டு. 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. கமல்ஹாசன் நடித்த திலீப் பணக்காரன், அழகன், பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்து அதன்மேல் ரோஜா வளர்ப்பவன். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1980 நவம்பரில் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. ராஜேந்திரகுமாரின் ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ நாவலைத் தழுவியது. இளையராஜாவின் 100ஆவது படம். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு பெங்களூரில் விலைமாதர்களைக் கொல்பவன். தான் விரும்பும் ரேகாவைக் கடத்திக்கொண்டு ஊட்டிக்குப் போகிறான். ரேகாவாக நடித்த ஷோபா, படம் வெளியாவதற்கு ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார் என்பதால் இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது கதைக்கு வெளியிலிருந்தும் ஒரு சோகம் வந்து சேர்ந்துகொள்கிறது.

‘மூடுபனி’யில் நீலகிரி சும்மா பின்னணி அல்ல. நகரத்தில் ஒரு பெண் கத்தினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். மலையில் தனி வீட்டில் கத்தினால் கேட்பது மரங்கள்தான். பனி அங்கே ஒரு சுவர். இந்திப் படவுலகம் ‘ராட்சசன்’ கதையை எடுத்தபோது அதைச் சென்னை போன்ற ஒரு பெருநகரில் வைக்காமல் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலிக்குக் கொண்டுபோனது தற்செயல் இல்லை. பனி, ஊசியிலை மரம், வளைந்த சாலை என்றால் பாதிப் பயம் இனாமாகக் கிடைத்துவிடுகிறது. (கூடலூருக்கு அப்பால் முதுமலைக் காட்டோரம் உள்ள ஸ்ரீமதுரை போன்ற ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கலாம். பனிமூட்டம் அங்கே மர்மம் அல்ல. வழியில் யானை நிற்பது தெரியாமல் போய்விடுமே என்ற கவலைதான். மலையைப் பயங்கரமாகப் பார்ப்பது எப்போதும் சமவெளியிலிருந்து போகிறவர்களின் கண்.)

கிதாரோடு தொடங்கி, யேசுதாஸ் குரலில் வரும் ‘மூடுபனி’யின் பாடலை நாற்பது ஆண்டுகளாகத் தமிழர்கள் காதல் பாடலாகக் கேட்டு வருகிறார்கள். கல்லூரி விழாக்களில் கிதார் வைத்திருக்கும் பையன் முதலில் வாசித்துக் காட்டுவது அதைத்தான். படத்தில் அது, ஒரு கொலைகாரன் தான் கடத்தி அடைத்து வைத்திருக்கும் பெண்ணுக்குப் பாடுவது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவில் அந்தக் காட்சி அவ்வளவு அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் காட்சியின் விஷம். ரேகாவின் முகத்தைக் கவனித்தால் அது காதல் காட்சி இல்லை என்பது தெரியும். நாம் அந்த முகத்தைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இந்த இரண்டு படங்களிலும் கொலையாளி ஏன் அப்படி ஆனான் என்பதற்கு ஒரு பால்ய காயம் காட்டப்படுகிறது. ‘சிகப்பு ரோஜாக்க’ளில் ஒரு பெண் சிறுவனை ஆசைக்கு இழுத்து, மாட்டிக்கொண்டதும் பழியை அவன்மேல் போடுகிறாள். பிறகு அவனை வளர்ப்பவரின் மனைவி துரோகம் செய்கிறாள். ‘மூடுபனி’யில் சந்துருவின் தந்தை விலைமாதரோடு பழகித் தாயைக் கொடுமை செய்கிறார். கணக்கைப் பாருங்கள்: கொடுமை செய்தவர் தந்தை, மகன் கொல்வது விலைமாதரை. ‘ராட்சச’னிலும் கிறிஸ்டோபரை வகுப்பே கேலி செய்கிறது, ஆனால் கதை திரும்புவது அவன் விரும்பிய ஒரு மாணவி அவனை மறுத்து அவமானப்படுத்தும் இடத்தில். நாற்பது ஆண்டுகளில் கேமரா மாறியது, ஒலி மாறியது, தடயவியல் வந்தது. முன்கதையில் ஒரு பெண் ஏதோ செய்துவிட்டாள் என்ற இடம் மாறவில்லை.

மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) இதிலிருந்து விலக முயன்றது. அங்குலி என்று கொலையாளிக்குப் பெயர் வைத்து, அங்குலிமாலன் கதையை நினைவூட்டி, கடத்தப்பட்ட பெண்ணுக்கே அவன்மேல் இரக்கம் வரவழைத்தது. ஆனால் அங்கும் காயத்தின் வேர் பள்ளியில், தண்டிக்கும் ஓர் ஆசிரியையிடம் போய் நிற்கிறது. விட்ட இடத்துக்கே வந்தாயிற்று.

காவலர் நடுவுக்கு வருகிறார்

பழைய படங்களில் காவல்துறை ஓரத்தில் இருந்தது. ‘சிகப்பு ரோஜாக்க’ளைத் தாங்குவது கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும், அந்தப் பெரிய வீட்டுக்குள் அவள் தனியாக மாட்டிக்கொள்ளும் பதற்றம்தான் படம். ‘மூடுபனி’யும் கைதியின் படம். விசாரிப்பவரைக் கதையின் நடுவில் நிறுத்திப் பெரும் வெற்றி பெற்றது கௌதம் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006). கமல்ஹாசனின் ராகவன் நகரம் நகரமாக, நாடு விட்டு நாடு போய்த் துரத்துகிறார். அதற்குப் பிறகு இந்த வகைப் படம் என்றாலே காவலரின் படம் என்றாகிவிட்டது. இதில் கிடைப்பதும் உண்டு, இழப்பதும் உண்டு. துப்பறியும் சுவை கிடைக்கிறது. இழப்பது, கொல்லப்படுபவரின் கண்கள். ரேகாவோடு நாம் இரண்டு மணி நேரம் இருக்கிறோம். ‘ராட்சச’னில் இறக்கும் மாணவிகளில் அம்முவைத் தவிர எத்தனை பேரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது?

அருண் புதுவகைக் காவலர். அவனுக்குக் கொலையாளிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுதப்படாத ஒரு சினிமாவுக்காகப் படித்தது. நிலையத்தில் யாரும் படிக்காததை அவன் படித்திருக்கிறான். இந்தக் கருவை 2023இல் விக்னேஷ் ராஜாவின் ‘போர் தொழில்’ இன்னும் பக்குவமாகக் கையாண்டது. அங்கே அசோக் செல்வனின் பாத்திரம் புத்தகத்தில் படித்து வந்தவன், பயந்தவன். சரத்குமாரின் பாத்திரம் அனுபவத்தால் இறுகியவர். வன்முறையான தகப்பனிடம் வளர்ந்த பிள்ளை கொலைகாரனாகவும் ஆகலாம், காவலராகவும் ஆகலாம் என்று அந்தப் படம் இருவரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறது. ‘ராட்சச’னுக்கு அந்தத் துணிவு இல்லை. அருணிடம் ஒரு குறையும் கிடையாது. அவனுக்கு வரும் தடை எல்லாம் வெளியிலிருந்து வருகிறது.

அந்தத் தடைக்குப் பெயர் லட்சுமி. சூசன் ஜார்ஜ் அந்த அதிகாரியை நன்றாகவே நடித்திருக்கிறார், வெறுக்கவைக்கிறார். ஆனால் பள்ளி மாணவிகள் கொல்லப்படும் ஒரு கதையில், அதிகாரத்தில் இருக்கும் ஒரே பெண், கண்ணை மூடிக்கொண்டு இளைய ஆண் அதிகாரியை மட்டம் தட்டுவதற்காக மட்டுமே வருகிறார் என்பது யோசிக்கத்தக்கது. அமலா பாலின் விஜிக்கும் பெரிய வேலை இல்லை. ஆசிரியை என்ற முறையில் அவர் இருக்கும் பள்ளியில்தான் இத்தனையும் நடக்கிறது. அவரிடம் எந்த மாணவியும் வந்து எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. அது ஏன் என்று கேட்டிருந்தால் வேறொரு படம் கிடைத்திருக்கும்.

காவலரும் கொலையாளியும் இரு துருவங்கள் என்ற ஏற்பாடு திரைக்கு வசதியானது. தமிழ்நாட்டின் அறியப்பட்ட வழக்கு வேறு மாதிரி இருந்தது. ஆட்டோ சங்கர் 1980களின் இறுதியில் சென்னை திருவான்மியூர் வட்டாரத்தில் சாராயமும் பாலியல் தொழிலும் நடத்தியவர். ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அதில் உயர் அதிகாரிகளோடு அவருக்கு இருந்த நெருக்கம் பற்றிய செய்திகள் இருப்பதாக இதழ் சொன்னது. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994 அக்டோபர் 7 அன்று வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசு அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. அந்தரங்க உரிமை பற்றிய முக்கியமான தீர்ப்பாக அதைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கொலையாளிக்கும் காவல்துறைக்கும் நடுவில் இருந்தது சுவரா, கதவா என்ற கேள்வி அந்த வழக்கைச் சுற்றி எழுந்தது. நம் திரைக்கதைகளில் அந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. மேலதிகாரியின் ஆணவம்தான் அங்கே அதிகபட்சக் குற்றம்.

ஏழு கடல் தாண்டி

தலைப்புக்கு வருவோம். நம் பாட்டிகள் சொன்ன கதையில் ராட்சசனைக் கத்தியால் குத்தினால் சாக மாட்டான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் கூண்டில் இருக்கும் கிளிக்குள் இருக்கும். இளவரசன் தேடிப்போய்க் கிளியின் கழுத்தைத் திருக வேண்டும்.

‘ராட்சசன்’ இந்தக் கதையை அப்படியே பின்பற்றுகிறது. தெரிந்து செய்ததா தெரியாமலா என்பது முக்கியமில்லை. அருண் பொம்மையிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து ஓர் ஒலித்துணுக்குக்கு, அங்கிருந்து மாயவித்தைக்காரிக்கு, பிறகு ஒரு பழைய வழக்குக்கு என்று கடல் கடலாகத் தாண்டுகிறான். கடைசியில் கிடைக்கும் கிளி, அந்த முன்கதை. நோய், கேலி, காதல் மறுப்பு. அது தெரிந்துவிட்டால் கொலையாளியைப் புரிந்துகொண்டாயிற்று. இனி அவனைக் கொல்வதுதான் பாக்கி.

கிளியை எதனால் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. ஒன்று, ஓர் அரிய நோய். முகம் வேறு மாதிரி இருப்பதற்காகவே வகுப்பில் ஒதுக்கப்படும் பிள்ளைகள் நிஜத்தில் உண்டு. அவர்கள் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள். பயமூட்ட அந்த முகத்தையே படம் பயன்படுத்துகிறது. அவனைக் கேலி செய்த பிள்ளைகள் பார்த்த அதே பார்வையில்தான் கேமராவும் அவனைப் பார்க்கிறது. மற்றொன்று, பெண் வேடம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் நார்மன் பேட்ஸ் தாயின் உடையில் வந்ததிலிருந்து, ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ (1991) வழியாக, ஆண் உடலில் பெண் உடை என்றாலே கொலை என்ற சமன்பாடு திரையில் பழகிப்போனது. பால் அடையாளம் மாறியவர்கள் சாலையில் நடக்கும்போது அவர்கள்மேல் விழும் சந்தேகப் பார்வையில் இந்தச் சமன்பாட்டுக்கும் பங்கு உண்டு. ‘ராட்சசன்’ இதை யோசித்ததாகத் தெரியவில்லை. திருப்பம் தேவைப்பட்டது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது.

‘சைக்கோ’ என்ற சொல் தமிழில் இப்போது ஒரு சாதாரண வசவு. மனநல மருத்துவரிடம் போகிறவரையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள், கொலை செய்தவரையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதும்போது இதை ஒருமுறையாவது சொல்லாமல் போவது நியாயமில்லை.

இன்பராஜ்

இப்போது கணக்கு வாத்தியார். வினோத் சாகர் நடித்த இந்தப் பாத்திரம் திரையில் இருக்கும் நேரம் குறைவு. அவன் வேடம் போடுவதில்லை, பொம்மை அனுப்புவதில்லை, இருட்டில் வருவதில்லை. பட்டப்பகலில், பள்ளிக்கூடத்துக்குள், சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு, கையில் விடைத்தாளோடு வருகிறான். அவனுடைய ஆயுதம் மதிப்பெண். படத்தின் தொடக்கத்தில் மதிப்பெண் அட்டையும் அதில் போடும் கையெழுத்தும் ஒரு நகைச்சுவை. அம்முவும் மாமனும் கூட்டுச் சேர்ந்து பெற்றோரை ஏமாற்றப் பார்க்கும் வீட்டுக் குறும்பு. அதே மதிப்பெண் பயம் கொஞ்ச நேரத்தில் இன்பராஜின் கையில் கயிறாக மாறுகிறது. திரைக்கதையின் மிகச் சிறந்த முடிச்சு இதுதான் என்று சொல்வேன். கதவு சாத்தப்படுகிறது, அந்தக் குழந்தை அழுகிறாள், வெளியே பள்ளி வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கிறது. கொலையாளியின் காட்சிகளில் அலறும் இசை எதுவும் தராத நடுக்கத்தை, அவன் பேசும் அந்தத் தணிந்த குரல் தந்துவிடுகிறது.

ஏன் நடுங்குகிறோம் என்றால் அவனை நமக்குத் தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், குழந்தைகள் மீதான வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். 2012இல் வந்த போக்சோ சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. கல்வி நிறுவனத்தில் வேலை செய்பவர் அங்குள்ள குழந்தைக்கு இழைக்கும் குற்றத்தை அது கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. தெரிந்தும் புகார் தராமல் இருப்பதையே தண்டனைக்குரியது ஆக்குகிறது. சிறு ஊர்களில் இதன் கனம் இன்னும் அதிகம். ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கும் மலையூரில், தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண், கணக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை என்று வேறு பள்ளிக்குப் போய்விட முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வு அவளுக்கு மலையிலிருந்து இறங்கும் ஒரே வழி. அந்த வழியில் அவன் நிற்கிறான்.

இத்தனையும் கைக்குள் இருந்தும் படம் இன்பராஜை என்ன செய்கிறது? முதலில் அவனைச் சந்தேகத்துக்குரியவனாகப் பயன்படுத்துகிறது. கொலையாளி இவன்தானோ என்று நம்மை நினைக்க வைக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் அவனால் திரைக்கதைக்கு உபயோகம் இல்லை. காவலில் இருந்து தப்ப முயலும்போது சுடப்பட்டுச் சாகிறான். அரங்கத்தில் கைதட்டல் கேட்கிறது. துப்பறியும் கதைகளில் தவறான தடம் என்று ஓர் உத்தி உண்டு. வாசகரைத் திசைதிருப்ப ஒருவரைக் காட்டிவிட்டுப் பிறகு விட்டுவிடுவது. ஒரு மாணவியின் மீது நடந்த பாலியல் வன்முறை அந்த உத்திக்கான பொருளாக வந்துபோகிறது.

அவன் செத்துவிட்டதால் எத்தனை கேள்விகள் அவனோடு புதைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அம்முவுக்கு முன் எத்தனை மாணவிகள்? பள்ளி நிர்வாகத்தில் யாருக்குத் தெரியும்? முந்தைய பள்ளியிலிருந்து அவன் ஏன் வந்தான்? வழக்கு நடந்திருந்தால் இவை கேட்கப்பட்டிருக்கும். சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு குழந்தை எப்படிச் சாட்சி சொல்கிறாள், குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தை அவள் பார்க்க நேராதபடி சட்டம் என்ன ஏற்பாடு சொல்கிறது என்பதெல்லாம் நம் பார்வையாளர்கள் பெரும்பாலோர் திரையில் பார்த்தே இராத காட்சிகள். துப்பாக்கி ஒரு நொடியில் அதையெல்லாம் முடித்துவைக்கிறது. ராட்சசனுக்குக் கிளி இருப்பதால் கழுத்தைத் திருகினால் கதை முடிந்துவிடும். இன்பராஜுக்கு அப்படி ஒரு கிளி கிடையாது. அவனுக்கு முன்கதையும் இல்லை. நோயில்லை, கேலியில்லை, காதல் தோல்வியில்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறையும் சாத்தக்கூடிய ஒரு கதவும் மட்டுமே. அவன் ஏன் அப்படி ஆனான் என்று படம் கேட்காததில் ஒரு தற்செயலான நேர்மை இருக்கிறது.

அம்முவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அபிராமி நடித்த அந்தப் பாத்திரம் இன்பராஜிடமிருந்து மீட்கப்பட்ட பிறகு, நடந்ததைத் தன் வாயால் யாரிடமும் முழுதாகச் சொல்லும் காட்சி படத்தில் இல்லை. அக்கா குடும்பம் அவளோடு உட்கார்ந்து பேசுவதில்லை. அருணுக்கு அடுத்த கொலை காத்திருக்கிறது. பிறகு பரிசுப்பெட்டி வந்துவிடுகிறது. நாயகனின் துயரத்தைச் சொந்தத் துயரமாக்க அவள் சாக வேண்டியிருக்கிறது. ஒரு வன்முறையிலிருந்து தப்பித்த பதினைந்து வயதுப் பெண்ணை இன்னொரு வன்முறைக்குக் கொடுத்துவிட்டு, படம் மாயவித்தைக்காரியைத் தேடிக் கிளம்புகிறது. மறுநாள் அவள் அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போனாளா, கணக்கு வகுப்புக்கு யார் வந்தார், பக்கத்து பெஞ்சுப் பெண் அவளிடம் என்ன கேட்டாள் என்பதையெல்லாம் காட்டக்கூடிய ஒரு படம் தமிழில் இன்னும் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது.